மூண்டு மாசத்தில 15 கிலோ குறைச்சுத் தாறம் எண்டு காசு வாங்கிறவையிட்ட போக முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ (கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆக்கள்)

பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிற அக்காமார் தங்கச்சிமாருக்குத்தான் முக்கியமா எழுதுறன், அண்ணாமாரும் வாசியுங்கோ, வண்டி (தொந்தி) வைச்ச ஆம்பிளையளையும் அவை விடேல்லை. இந்த நிறை குறைக்கிற யாவாரத்தை ஏ9 ரோட்டுக் கரையில ஒரு கடைக்கு மேல்மாடியில வைச்சு நடத்தினம். பேர் போடமாட்டன், போட்டா நாளைக்கு வேற போர்டோட திறப்பினம், ஆனா உந்த வேலை எங்க செய்தாலும் ஒரே மாதிரித்தான் செய்வினம், அதால வேலையைச் சொல்லுறன், ஆளை நீங்களே பிடிச்சுக்கொள்ளுங்கோ.

முதல்ல ஃப்ரீ செக்கப் எண்டு கூப்பிடுவினம். ரெண்டு கையாலயும் பிடிக்கிற ஒரு சின்ன மெஷின் இருக்கு, பிடிச்சோண்ண கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு எண்டு நம்பர் வரும், கடைசியில மெட்டபோலிக் ஏஜ் எண்டு ஒண்டு வரும். எனக்கு 38 வயசு, மெஷின் 54 எண்டு காட்டிச்சு. அங்க கோச் எண்டு பேர் போட்டிருக்கிற பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "அக்கா உங்கட உள்ளுடம்பு கிழவியாப் போச்சு" எண்டு சொல்லுது, எந்தப் பொம்பிளை பயப்பிடமாட்டா சொல்லுங்கோ. பிறகு விசாரிச்சா அந்த மெஷின் மெட்டபொலிசத்தை, எண்டா உடம்பு சக்தி எரிக்கிற வேகத்தை, அளக்கிறதே இல்லை. சின்ன கரண்ட் ஒண்டை உடம்புக்குள்ளால விட்டு அது போற விதத்தை வைச்சு, நாங்கள் சொன்ன வயசு உயரம் நிறையையும் போட்டு, ஒரு ஃபோர்முலாவில கணக்குப் பாக்குது. தண்ணி குடிச்சிட்டுப் பிடிச்சா ஒரு நம்பர், வெயிலுக்கால வேர்த்து வந்து பிடிச்சா வேற நம்பர். உண்மையா அளக்கிறதெண்டா நாங்கள் எவ்வளவு ஒக்சிஜன் எடுக்கிறம், எவ்வளவு காபனீரொக்சைட் விடுறம் எண்டு மூச்சை வைச்சு அளக்கோணும், அந்த மெஷின் மேல்மாடிக் கடையில கிடக்கிற சாமான் இல்லை.

காசு கட்டினோண்ண ஒரு பேப்பர் தந்தினம். காலமை தண்ணியில கரைச்ச பவுடர், மத்தியானம் எண்ணெய் இல்லாம மீன் ஒரு துண்டும் கரட் வெள்ளரிக்காயும் ஒரு அவிச்ச முட்டையும், பின்னேரம் ஒரு பிடி அவிச்ச பயறு, இரவைக்குத் திருப்பிப் பவுடர். சோறு, புட்டு, இடியப்பம், மரவள்ளி ஒண்டும் கண்ணாலயும் பாக்கக் கூடாதாம். டின்னில இங்கிலீஷ் லேபிளுக்கு மேல இவையின்ர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, நகத்தால சுரண்டி உரிச்சுப் பார்த்தா அடியில ஒரு கரண்டிக்கு 92 கலோரி எண்டு கிடக்குது. எல்லாத்தையும் கூட்டினா நாள் முழுக்க 650ஐத் தாண்டாது. எனக்கு அப்ப 78 கிலோ, என்ர உயரத்துக்கும் வயசுக்கும் சும்மா படுத்துக் கிடந்தாலே 1400 கலோரிக்குக் கிட்ட வேணும், வேலைக்குப் போய் வந்து தண்ணி அள்ளிச் சமைச்சுப் பிள்ளையளையும் பாக்கிறதெண்டா அதுக்கும் மேல.

முதல் கிழமையில நாலு கிலோ இறங்கிச்சு, இதுதான் அவையின்ர யாவாரத்தின்ர உயிர்நாடி. உடன ஃபோட்டோ எடுத்து வட்ஸ்அப் குரூப்பில போட்டு கைதட்டல், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் காசு கட்டுவினம். அதில பெரும்பங்கு தண்ணி. மாப்பொருளை நிப்பாட்டினா ஈரலிலயும் தசையிலயும் சேமிச்சு வைச்ச கிளைக்கோஜன் முடியும், ஒரு கிராம் கிளைக்கோஜனோட மூண்டு கிராம் மட்டில தண்ணியும் ஒட்டியிருக்கும், அதுவும் போகும். சோறு திண்ட அடுத்த நாளே அது திரும்பி வந்திடும், அப்ப சொல்லுவினம் "பாத்தீங்களோ அக்கா சோறு செய்யிற வேலையை" எண்டு.

பிறகு இறக்கம் குறைஞ்சு குறைஞ்சு தராசு நிண்ட இடத்திலயே நிண்டுது. இங்கதான் எனக்குச் சரியான கோவம். நான் அந்தப் பேப்பரில இருந்து ஒரு பருக்கை விலகேல்லை. குரூப்பில அத்தனை பேருக்கும் முன்னால "அக்கா ஒளிச்சுச் சாப்பிடுறீங்கள் போல, உண்மையைச் சொன்னாத்தான் உதவி செய்யலாம்" எண்டு வொய்ஸ் மெசேஜ். என்ர மனுசனுக்குப் போன் எடுத்து "அண்ணா வீட்டில கவனியுங்கோ" எண்டு வேற. அடுத்த கட்டமா மத்தியான மீனையும் வெட்டிச்சினம், மெட்டபொலிசம் செத்துப்போச்சு அதைத் திருப்பி எழுப்போணும் எண்டு 12,500 ரூபாவுக்கு பூஸ்டர் எண்டு இன்னொரு டின். உறைப்புத்தூளும் தேயிலையும் மாதிரி மணந்துது, குடிச்சா நெஞ்சு படபடக்கும், அதைத்தான் "வேலை செய்யுது" எண்டினம்.

உடம்பு அதுக்கிடையில தன்ர பாட்டைப் பாடத் தொடங்கீட்டுது. கிளிநொச்சி வெயில் உங்களுக்குத் தெரியும்தானே, மே மாசம் மத்தியானம் தகரத்துக்குக் கீழ நாய் கூட இராது, நான் ஃபேனை நிப்பாட்டிப்போட்டுப் பெட்சீற் போத்திக்கொண்டு கிடந்தன், கைவிரல் விறைச்சுக் கிடக்கும், மனுசன் பக்கத்தில வேர்த்து ஒழுகிக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்க்குது. தலை இழுத்தா சீப்பு நிறைய மயிர். மாதவிடாய் வரேல்லை, பிள்ளை நிண்டிட்டுதோ எண்டு வேற பயம். படி ஏற முழங்கால் நடுங்கும், பிள்ளையள் ஏதும் கேட்டாலே எரிஞ்சு விழுவன். இரவில நித்திரை இல்லை, போனில ஆரார் கொத்துப் போடுறது ஆரார் நண்டுக்கறி வைக்கிறது எண்டு வீடியோ பார்த்துக்கொண்டே விடியும். அம்மா ஒண்டும் பேசாம இருந்து பார்த்திட்டு ஒருநாள் சொன்னா, "2009ல கஞ்சிக்கு லைன்ல நிண்டு உன்னை உயிரோட கொண்டந்து சேர்த்தன், நீ இப்ப காசு குடுத்துப் பட்டினி கிடக்கிறாய்." மறுமொழி சொல்ல வாய் வரேல்லை எனக்கு.

கடைசியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனன். டொக்டர் நாடி பிடிச்சுப் பார்த்தார், 52. இரத்தம் எடுத்ததில தைரொயிட் சரி, இரும்புச்சத்துக் குறைவு. பேப்பரை வாங்கிப் பார்த்திட்டு சிரிக்கேல்லை, "இது வைத்திய மேற்பார்வை இல்லாமச் செய்யவே கூடாத அளவு" எண்டார். பிறகு அவர் ஒரு கதை சொன்னார், வீட்ட வந்து நானும் தேடி வாசிச்சன். ரெண்டாம் உலகப்போர் முடியிற நேரம், 1944 நவம்பரில தொடங்கி, அமெரிக்காவில மினசோட்டா பல்கலைக்கழகத்தில அன்செல் கீஸ் எண்ட விஞ்ஞானி, துவக்குத் தூக்கமாட்டம் எண்டு மறுத்த 36 இளம் ஆம்பிளையளை, அவையின்ர சம்மதத்தோட, 24 கிழமை அரைப்பட்டினி போட்டுப் பார்த்தவர். உடம்பு நிறையில கால்வாசி போச்சு, சும்மா இருக்கேக்க எரிக்கிற சக்தி 40 வீதம் மட்டில குறைஞ்சு போச்சு. கோடையிலயும் குளிருது எண்டினம், நாடி இறங்கிச்சு, மயிர் கொட்டிச்சு, சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைச்சு விடிய விடிய வாசிச்சவையாம். எனக்கு வாசிக்க வாசிக்க மயிர்க்கூச்செறிஞ்சுது, ஏனெண்டா என்ர யூரியூப் கொத்து வீடியோவும் அதுதானே. இன்னொண்டு கேளுங்கோ, அந்தப் பட்டினிக்காரருக்கு நாளுக்கு 1570 கலோரி மட்டில குடுத்தவை. என்ர பேப்பரில அதில பாதிகூட இல்லை!

விசயம் என்னெண்டா இது வருத்தம் இல்லை, உடம்பு தன்னைக் காப்பாத்திற வேலை. இரணைமடுக் குளத்தில தண்ணி குறைஞ்சா சிறுபோக விதைப்புக் கூட்டத்தில ஏக்கரை வெட்டித்தானே காணி பிரிச்சுக் குடுப்பினம், குளத்தை வத்தவிட்டு ஆரும் முழு வயலும் விதைக்கிறேல்லை, அது மாதிரித்தான். கொழுப்புக் கரைய லெப்டின் எண்ட ஹோர்மோன் குறையும், அது குறைஞ்சோண்ண மூளை பஞ்சம் வந்திட்டுது எண்டு எடுத்துக்கொள்ளும், தைரொயிட் ஹோர்மோனுகளில உடம்பில வேலை செய்யிற டி3 இறங்கும், நாடி இறங்கும், பிள்ளைப்பேறு இப்ப வேண்டாம் எண்டு மாதவிடாயை நிப்பாட்டும், மயிர் நகத்துக்குச் செலவழிக்காது. எங்களுக்கே தெரியாம அசைவும் குறைஞ்சிடும், நிண்டு செய்யிற வேலையை இருந்து செய்வம். உடம்பு சின்னனாப் போனா அதுக்கு வேண்டியதும் குறைவு, 78 கிலோவில 1400 கேட்ட உடம்பு 68ல 1300 மட்டில்தான் கேக்கும், அதுக்கு மேலால இந்தச் சிக்கனமும் சேரும். மறுபக்கம் பசியைக் கூட்டுற கிரெலின் ஏறும். 2011ல மெல்பேர்ண் ஆராய்ச்சி ஒண்டு வெளிவந்தது, 10 கிழமை டயட்டில நிறை குறைச்ச ஆக்களை ஒரு வருசம் கழிச்சுப் பார்த்தும் இந்தப் பசி ஹோர்மோனுகள் பழைய இடத்துக்கு வரேல்லை. அப்ப தராசு நிண்ட உடன "ஒளிச்சுச் சாப்பிடுறாய்" எண்டு ஒரு மனுசியை நாலுபேருக்கு முன்னால கள்ளியாக்கிறது எவ்வளவு பெரிய அநியாயம். தெரியாமச் சொல்லியிருந்தா கோச் எண்டு பேர் போட அருகதை இல்லை, தெரிஞ்சு சொல்லியிருந்தா அதுக்கு வேற பேர் இருக்கு.

"மெட்டபொலிசம் செத்துப்போச்சு" எண்டதும் பொய், அதைத்தான் 12,500க்கு விக்கினம். அது மெதுவாகும், சாகாது. மினசோட்டா ஆக்களுக்கு அவ்வளவு குறைஞ்சும் நிறை இறங்கிக்கொண்டுதான் இருந்தது, திருப்பிச் சாப்பாடு குடுக்க எரிப்பும் ஏறிச்சு, ஆனா தசையைவிடக் கொழுப்புத்தான் கெதியா வந்து ஏறிச்சு. அமெரிக்க ரிவியில நிறை குறைக்கிற போட்டியில நிண்ட 14 பேரை ஆறு வருசம் கழிச்சு கெவின் ஹோல் எண்டவரின்ர குழு அளந்து 2016ல எழுதினது, அவையின்ர உடம்பு அந்தப் பருமனுக்கு எரிக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி மட்டில குறைவாத்தான் எரிச்சுது. அமெரிக்க அரசாங்கத்தின்ர ஆராய்ச்சி நிலையமே பார்த்துக்கொண்டு நிக்கிற விசயத்தை எங்கட மேல்மாடியில தேயிலைத்தூள் திருத்துமாம்.

என்ர கதையை விடுங்கோ, பக்கத்து வளவு பெரியம்மாவின்ரதுதான் பயங்கரம். அவ சுகருக்கு கிளிக்ளசைட் போடுறவ. அதே பேப்பர், அதே பவுடர், குளிசை போடுறீங்களோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் மாதிரிக் குளிசையள் சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சுகரை இறக்கும், அதைப் போட்டிட்டுப் பட்டினி கிடந்தா என்ன நடக்கும். விடியக்காலமை கிணத்தடியில வேர்த்து விழுந்து கிடந்தவ, பேச்சுக் குழறுது. 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் வந்து ஏத்தினது, சுகர் 41க்கு இறங்கிக் கிடந்தது. அதுக்குக் கோச் அனுப்பின மெசேஜ், "நச்சுத் தண்ணி வெளியேறுது, தேசிக்காய்த் தண்ணி குடுங்கோ."

குறைஞ்ச கலோரி டயட் எல்லாமே களவு எண்டு நான் சொல்லேல்லை. பிரித்தானியாவில சுகர்காரருக்கு 850 கலோரி மட்டில மூண்டு தொடக்கம் அஞ்சு மாசம் குடுத்து, 2017ல வெளியிட்டவை, ஒரு வருசத்தில கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு மருந்து இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்திருந்தது. ஆனா அங்க சுகர் குளிசையையும் பிறஷர் குளிசையையும் தொடங்கேக்கயே நிப்பாட்டினவை, நேர்ஸ் அல்லது டயட்டீசன் பார்த்தவை, பிறகு சாப்பாட்டைப் படிப்படியாக் கூட்டினவை. கெதியா மெலிஞ்சா பித்தப்பையில கல்லு வாற சாத்தியமும் கூட, அதையும் ஆரும் எங்களுக்குச் சொல்லேல்லை. எங்கட அரசாங்க ஆஸ்பத்திரியளில எச்.எல்.சி (ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம்) எண்ட கிளினிக் இருக்கு, சும்மாவே நிறை பிறஷர் சுகர் எல்லாம் பாப்பினம், சாப்பாடும் சொல்லித் தருவினம். நான் இப்ப அங்கதான் போறன், குத்தரிசிச் சோறு அளவா, மீன், பயறு, முருங்கையிலை, பின்னேரத்தில வாளியில தண்ணி தூக்கிற எக்சர்சைஸ். மெல்லத்தான் இறங்குது, மாதவிடாய் வந்திட்டுது, நெத்திக்கரையில குட்டி மயிர் முளைக்குது.

காசு திருப்பிக் கேட்டன். பக்கேஜ் முடிக்காதவைக்கு இல்லையாம், குரூப்பில இருந்தும் தூக்கியாச்சு. பில் கேட்டா "நாங்கள் கடை இல்லை அக்கா, குடும்பம்" எண்டினம். குடும்பம் எண்டா ஏன் பாங்க் எக்கவுண்டுக்குக் காசு போடச் சொல்லுறீங்கள் எண்டதுக்குப் பதில் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிச்சுச் சொல்லலாம், நான் சொல்லியாச்சு, தனி ஆளாச் சொன்னா இழுபடும். உங்களிட்ட காசு போட்ட சிலிப், வொய்ஸ் மெசேஜ், ஸ்டிக்கர் ஒட்டின டின் ஏதும் இருந்தா எறியாதேங்கோ, டின்னை அரைவிலைக்கு வேற ஆருக்கும் வித்துத் தலையில கட்டவும் வேண்டாம். இன்பொக்ஸ் வாங்கோ, பெரியம்மாவின்ர ஆஸ்பத்திரித் துண்டையும் வைச்சு எல்லாரும் ஒண்டாக் குடுப்பம்.