மூன்று வருடமாக சாக்ஸபோனுக்கு உதட்டைப் பழக்குகிறேன். நடு டி ஸ்வரம் மட்டும் வழிக்கு வரவில்லை

தென்காசியில் இருக்கும் என் கூட்டாளி போன வாரம் சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் முனை, அதாவது மவுத்பீஸ், அதன் படம் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பி, "மாப்ளே, வெல எறங்கியிருக்கு. இத வாங்குனா டோன் நல்லா வருமால?" என்று கேட்டான். "வரும்" என்று அடித்தேன், அழித்தேன். "வராது" என்று அடித்தேன், அதையும் அழித்தேன். இரண்டுமே பொய் மாதிரி இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளம்.

என்னிடம் இருப்பது பாதிப் பேரிடம் இருக்கும் அதே யமஹா ஆல்டோ சாக்ஸபோன். அதோடு வந்த 4சி மவுத்பீஸ், அதில் கட்டும் நாணல் பட்டையான ரீடு இரண்டரை நம்பர். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வந்தது பயிற்சியைப் பற்றி. மூன்று வருடமாக, வேலை நாளில் இருபது நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷம், உதட்டுக்கு மட்டும் பயிற்சி. புத்தகத்தில் எம்புஷர் என்று போட்டிருக்கும். பேண்டு செட்டில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. அங்கே 'லிப்'. "அவனுக்கு இன்னும் லிப் செட்டாகல" என்றால் விஷயம் முடிந்தது.

எனக்கு லிப் செட்டாகாமலேயே ஆறு வருடம் ஊதியிருக்கிறேன். எப்படித் தெரிந்தது என்றால், மவுத்பீஸின் முதுகில் மேல்பல் உட்காரும் இடத்தில் இரண்டு பள்ளம். நகத்தை வைத்தால் நகம் நிற்கும். கீழுதட்டின் உள்பக்கம் அதே அளவுக்கு இரண்டு புண். ஒரு மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதிக்கு இஞ்சித் துவையலைத் தொட்டு வாயில் வைத்தேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. பந்தியில் பக்கத்தில் இருந்தவர் பெண் வீட்டார் யாரோ என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

கடிப்பதுதான் நோய். மேல் ஸ்தாயிக்குப் போகப் போக தாடை தானாக இறுகும். ரீடுக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறைந்து, ரீடு ஆட இடமில்லாமல் தவிக்கும். சத்தம் வரும், ஆனால் மெலிந்து, கூர்மையாக, சுருதிக்கு மேலே நிற்கும். நான் அதை 'பிரைட் டோன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் பயிற்சி மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதுவது. ஆல்டோ மவுத்பீஸை வெறுமனே ஊதினால் 'ஏ' ஸ்வரம் வரவேண்டும், போனில் சுருதியை முள்ளால் காட்டும் டியூனர் ஆப்பில் 880 ஹெர்ட்ஸ். நெக் என்ற வளைந்த மேல்குழாயோடு சேர்த்து ஊதினால் 'ஏ ஃபிளாட்'. என்னுடையது முதல் நாள் 'பி'யையும் தாண்டிப் போய் நின்றது. எவ்வளவு கடிக்கிறேன் என்பதற்கு அந்த முள்ளைவிட வேறு சாட்சி வேண்டாம். உதட்டின் இரண்டு ஓரத்தையும் 'ஈ' என்று இழுக்காமல் 'ஊ' என்று நடுவுக்குக் கூட்டி, தாடையைத் தளர்த்தி, காற்றை மட்டும் அழுத்தமாக விட வேண்டும். சொல்ல எளிது. தாடையைத் தளர்த்தினால் ஓரத்தில் காற்று கசியும். ஓரத்தை இறுக்கினால் தாடையும் கூடவே இறுகும். இந்த இரண்டையும் பிரித்தெடுக்க நான்கு மாதம். சத்தம் வேறு வாத்தைப் பிடித்துக் கழுத்தைத் திருகியது போல இருக்கும். வீட்டில் மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது, ஒரே ஸ்வரத்தை மூச்சு தீரும்வரை நிறுத்துவது. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, மெல்ல ஆரம்பித்து, பெரிதாக்கி, மறுபடி மெல்லக் கொண்டுவந்து முடிக்க வேண்டும், முள் அசையாமல். இதைக் காலை ஐந்தரைக்கு மாடியில் செய்தேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஆச்சி வாசல் தெளித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்து, "ஏ ராசா, யார் வீட்லய்யா துட்டி?" என்று கேட்டாள். நம் ஊரில் விடியும் முன் ஒரே ஸ்வரம் நீளமாகக் கேட்டால் சாவு வீடு என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்? அதிலிருந்து ஆறரைக்கு மாற்றினேன். அந்த நேரத்துக்குப் பங்குனி, சித்திரையில் மாடியில் வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும், ரீடு நுனி காய்ந்து அலை அலையாகிவிடும். தண்ணீர் டம்ளர் ஒன்று பக்கத்திலேயே வேண்டும்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். எனக்கு உண்மையில் திருப்பம் தந்தது புத்தகம் இல்லை. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் எங்கள் செட்டும் நாகஸ்வரமும் மாறி மாறி வாசித்தோம். காருகுறிச்சி அங்கிருந்து கூப்பிடு தூரம். 1964-ல் போய்ச் சேர்ந்த நாகஸ்வர வித்வான் அருணாசலத்தின் பேரைச் சொல்லாமல் அந்த வட்டாரத்தில் ஒரு நாகஸ்வரக்காரர் சீவாளியை, அதாவது அவர்களுடைய ரீடை, எடுக்கமாட்டார். அன்றைக்கு வாசித்த பெரியவர் காபி குடிக்கும்போது என் மவுத்பீஸை வாங்கி, பல் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்னய்யா, கரும்பா?"

"மேல்பல் அதுலதான் ஊனணும் அண்ணாச்சி. அப்படித்தான் சொல்லிக் குடுத்தாவ."

"நாங்க பல்லே வைக்க மாட்டோம் பாத்துக்கிடுங்க. சீவாளிய ஒதடுதான் புடிக்கும். பல்லு பட்டா அது செத்துப்போவும்."

ராத்திரி வீட்டுக்கு வந்து மேலுதட்டையும் பல்லுக்கு மேல் மடித்து, இரண்டு உதட்டாலும் மவுத்பீஸைப் பிடித்து ஊதிப் பார்த்தேன். இப்படி ஒரு பயிற்சி சாக்ஸபோன்காரர்களிடமும் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. கடிக்கிறவனுக்குக் கொடுக்கும் மருந்தே அதுதான். கடித்தால் மேலுதடே வலிக்கும் என்பதால் தாடை தானாக அடங்கும். முதல் வாரம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை, வாத்தியம் வாயில் ஆடியது. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் வந்த சத்தம் இருக்கிறதே! கீழ் ஜி-யை ஊதினேன். அது என் வாத்தியம்தானா என்று நெக்கைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் ஒரு கனம், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கூடப் பாடுவது போல. நாலு மாதம் டியூனர் முள்ளைப் பார்த்துக் கற்றதைவிட அன்று ஒரு ராத்திரியில் கற்றது அதிகம். கச்சேரியில் இப்படி ஊத முடியாது, நான் ஊதுவதும் இல்லை. இப்போதும் தினம் ஐந்து நிமிஷம் மட்டும்.

பலன் என்ன என்று கேட்டால் நெக்கின் கார்க்கைக் காட்டுவேன். மவுத்பீஸ் எதுவரை ஏறினால் சுருதி சேர்கிறது என்று கார்க்கில் பேனாவால் கோடு போடுவது என் பழக்கம். கடித்து ஊதுகிறவனுக்குச் சுருதி ஏறிக்கொண்டே போகும் என்பதால் மவுத்பீஸை வெளியே இழுத்து வைத்திருப்பான். என் பழைய கோடு கார்க்கின் விளிம்புக்குப் பக்கத்தில். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கோடுகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் உள்ளே தள்ளி. முதலுக்கும் கடைசிக்கும் ஆறு மில்லிமீட்டர். மூன்று வருடத்துக்கு ஆறு மில்லிமீட்டர் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த ஆறு மில்லிமீட்டரில் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. அதுவரை மேலே சேர்த்தால் கீழே இறங்கும், கீழே சேர்த்தால் மேலே கத்தும்.

மூன்றாவது பயிற்சிக்கு மட்டும் நான் அநியாயம் செய்துவிட்டேன். அடியில் இருக்கும் பி ஃபிளாட்டுக்கான விரலையே வைத்துக்கொண்டு, விரலை அசைக்காமல், தொண்டையாலும் காற்றாலும் மட்டும் அதன் மேல் பி ஃபிளாட், அதற்கு மேல் எஃப், மறுபடி பி ஃபிளாட், டி என்று ஏறுவது. ஓவர்டோன். எனக்கு அடி ஸ்வரமே குமிழி விட்டது, குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம். எட்டு மாதம் என் உதட்டையே திட்டினேன். 'இது வெள்ளைக்காரன் தொண்டைக்குச் சரி, நமக்கு ஆகாது' என்றுகூடச் செட்டில் பேசியிருக்கிறேன். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் மங்களூர்ப் பக்கத்துக்காரர், அவர் தொண்டை எந்த ஊர்த் தொண்டை என்று யாரும் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல வேளை.

போன மாசி மாதம் துளையை மூடும் பேடு ஒன்று கிழிந்ததென்று டவுனில் ரதவீதிக்குப் பின்னால் பேண்டு வாத்தியங்களைப் பார்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். விளக்கை அணைத்துவிட்டு வாத்தியத்துக்குள் சிறு எல்.இ.டி. சரத்தை இறக்கினார். சாவிகளை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தார். அடி பி ஃபிளாட் சாவியை அமுக்கும்போது ஜி ஷார்ப் பேடின் ஓரத்தில் நூல் மாதிரி வெளிச்சம். அந்தச் சாவியை அமுக்கினால் ஜி ஷார்ப்பும் கூடவே எழப் பார்க்கும். அது எழாமல் மேலிருந்து ஒரு திருகு பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் திருகுக்கு அடியில் இருக்கவேண்டிய கடுகளவு கார்க் எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது.

"லிப்புல ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். புதுத் துண்டை ஒட்டி, திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். அங்கேயே ஊதினேன். பி ஃபிளாட் கோயில் மணி மாதிரி இறங்கியது. கூலி எண்பது ரூபாய், அதில் டீயும் அவர் வாங்கிக் கொடுத்தார். எட்டு மாதம்! இப்போது ஓவர்டோனில் நான்காவது படிவரை ஏறுகிறேன். அதனால்தான் சொல்கிறேன், பயிற்சியைத் தொடங்கும் முன் வாத்தியத்தை இருட்டில் வைத்து வெளிச்சம் பாருங்கள். உதட்டைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நல்லதும் சொல்லியாகிவிட்டது. இப்போது நடு டி.

விரல் ஒன்றும் இல்லாமல் திறந்து ஊதும் சி ஷார்ப்பிலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போனால், ஆறு விரலும், மேல் ஸ்தாயிக்குத் தூக்கும் ஆக்டேவ் சாவியும் ஒரே நேரத்தில் இறங்கும். அதுதான் நடு டி. குழாய் திடீரென்று முழு நீளமாகிவிடும். டி-யிலிருந்து ஜி ஷார்ப் வரைக்கும் உடம்பில் இருக்கும் ஒரே ஆக்டேவ் துளைதான் பங்கு. ஆளுக்கொரு இடத்தில் துளை கேட்கும் ஸ்வரங்களுக்கு ஒரே துளையைப் பொதுவாக வைத்தால் ஓரத்தில் இருப்பவனுக்குத்தான் நட்டம். அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து டி ஓரத்தில்தான் நிற்கிறது. சுருதி மேலே தூக்கும், கூடவே மூக்கடைத்த மாதிரியும் இருக்கும். தூக்கலை உதடு சரிசெய்துவிட்டது, அதை மறுக்கவில்லை. மூக்கடைப்பு? மூன்று வருடத்துக்கு முன் எப்படியோ இன்றும் அப்படியே. துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன். அடி பி சாவியைச் சேர்த்து அமுக்கிப் பார்த்தேன், கொஞ்சம் இறங்கியது, இன்னும் இருண்டது. உள்ளங்கையால் அமுக்கும் டி சாவியை மட்டும் திறந்து ஊதினேன், அது வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி தனியாகக் கேட்டது.

வேறு யாருக்காவது இது சின்ன விஷயமாக இருக்கலாம். எங்கள் கோயிலில் கீபோர்டு வாசிக்கும் அண்ணனுக்கு எஃப் என்றால் உயிர். நாலு கட்டை, சபையில் ஆண் பெண் எல்லோருக்கும் எட்டும். பாதிக் கீர்த்தனை எஃப்-இல்தான். ஆல்டோவில் விரல் வைக்கும் ஸ்வரத்தின் பேர் வேறு, கீபோர்டில் அதே சத்தத்துக்குப் பேர் வேறு. அந்த எஃப் எதில் வரும்? டி-யில். ஆதார ஷட்ஜமே எனக்கு மூக்கடைத்த ஸ்வரம். ஒவ்வொரு பாட்டும் அதில் வந்துதான் முடியும். கட்டையை மாற்றச் சொல்லிக் கேட்டேன். "பத்து வருசமா இப்படித்தானடே பாடுதோம்" என்று முடித்துவிட்டார்.

நேற்று காணிக்கைப் பாட்டின் கடைசி அடி. கீபோர்டு மெல்ல அடங்கியது, பாடகர் குழு வாயை மூடியது, நான் மட்டும் நான்கு மாத்திரை டி. உதடு சரி, காற்று சரி, முள் வைத்திருந்தால் அசைந்திருக்காது. ஆனால் போர்வைக்குள் இருந்து யாரோ கூப்பிடுவது மாதிரி ஒரு சத்தம். முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். ஏ ஸ்வரத்தை ஊதும்போது ஒருநாளும் எவனும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆகவே என் தீர்ப்பு: உதட்டுப் பயிற்சிக்குப் பத்துக்கு நான்கு. முப்பத்துச் சொச்சம் ஸ்வரத்தில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சரிசெய்த பயிற்சிக்கு நான்கு குறைவுதான். எனக்கு இன்றைக்கு நான்குதான் வருகிறது. போன செவ்வாய் கேட்டிருந்தால் ஒன்பது சொல்லியிருப்பேன்.

மாப்ளே, மவுத்பீஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய அதே செல்மர் சி ஸ்டார் ஒன்று என் பீரோவில் துணி சுற்றிக் கிடக்கிறது. இரண்டு வருடம் முன்பு, மாதச் சம்பளத்தில் பெரிய பங்கைப் போட்டு, இந்த டி-க்காகவே வாங்கியது. வீட்டில் விலையைப் பாதிதான் சொன்னேன். மற்ற எல்லா ஸ்வரமும் அதில் 4சி-யைவிட அழகு. டி மட்டும் அதே டி. இரண்டாம் வாரமே கோபத்தில் கழற்றிவிட்டேன். மேலே ரப்பர் ஒட்டி வைத்திருந்ததால் பல் தடம் ஒன்றுகூட இல்லை. ஆஃபரில் போடும் விலைக்கும் பாதிக்குத் தருகிறேன், சனிக்கிழமை சாயங்காலம் வா. உன் வாத்தியத்தையும் எடுத்துக்கொண்டு வா. அதில் நடு டி எப்படி இருக்கிறது என்று முதலில் ஊதிக் காட்டு, நன்றாக இருந்தால் மவுத்பீஸ் கிடையாது.