பழைய டிராவலருக்கு எது: கூடுதல் பட்டையா, ஏர் பலூனா?

தங்கிப் பயணம் போகும் வண்டியாக மாற்ற கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றினால் பழைய டிராவலர் வேனின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். காரைக்குடியில் பின் அச்சின் ஸ்பிரிங் அடுக்கில் (லீஃப் ஸ்பிரிங்) இன்னொரு பட்டை சேர்த்துக் கட்டுவது சுலபம், லாரி பட்டறையிலேயே முடியும், செலவும் குறைவு. ஆனால் தொட்டி காலியாக இருந்தாலும் அதே விறைப்புதான், கானாடுகாத்தான் பக்கம் செம்மண் பாதையில் இறங்கினால் பாத்திரமெல்லாம் குதிக்கும். பட்டை கூடினால் அவற்றை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டை நீளமானதாகப் போடச் சொல்லுங்கள், கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்கியே ஆக வேண்டும்.

ஏர் பலூன், அதாவது அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே மாட்டும் காற்றடைத்த ரப்பர் பை, விலை அதிகம்தான். ஆனால் தொட்டி ஒரு பக்கம் இருந்து வண்டி சாய்ந்தால், இடது வலதுக்குத் தனித்தனி குழாய் இழுத்து அந்தப் பக்கம் மட்டும் காற்றைக் கூட்டலாம், சுமை இறங்கினால் குறைக்கலாம். காற்றே இல்லாமல் ஓட்டினால் ரப்பர் மடிந்து கிழியும். சைலன்சர் சூடு படாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள், இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி கசிவு பாருங்கள்.

எப்போதும் ஒரே சுமை என்றால் பட்டை போதும். மற்றபடி என் ஓட்டு பலூனுக்குத்தான். அப்புறம், எதைப் போட்டாலும் அச்சு தாங்கும் எடை அதிகமாகிவிடாது, தேய்ந்த ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றுங்கள்.