டிக்கெட்டை வாசலில் கேட்பதா, வண்டியில் கேட்பதா?

பெர்லினில் குடியேறிய பிறகும், சென்னைக்கு வரும்போதெல்லாம் நான் புறநகர் ரயிலிலும் மாநகரப் பேருந்திலும்தான் போய்வருகிறேன். இம்முறை மாலை நெரிசலில் ஒரு நிலையத்தில் இறங்கியபோது, நடைமேம்பாலப் படிக்கட்டு முடியும் இடத்திலேயே பரிசோதகர்கள் நின்று டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சீசன் வைத்திருந்தவர்கள் அதைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்தார்கள். கைபேசியில் டிக்கெட் எடுத்திருந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையுடன் செயலியைத் திறப்பதற்குள் பின்னால் வந்த கூட்டம் படிகளில் தேங்கி, அவரைக் கைப்பிடிக் கம்பியோடு நெருக்கிவிட்டது.

டிக்கெட் இல்லாமல் வருபவரிடம் கட்டணத்துடன் குறைந்தது 250 ரூபாய் வசூலிப்பது நியாயமே. பரிசோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை, அது நடக்கும் இடம்தான் தவறு என்கிறேன். 2015-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் உள்ளே போகவும் வெளியே வரவும் தானியங்கிக் கதவுகள் இருப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. புறநகர் நிலையங்களுக்கோ பல வாசல்கள் உண்டு. தண்டவாளத்தைக் கடக்க அக்கம்பக்கத்தாரும் மேம்பாலத்தைப் பயன்படுத்துகிற இடங்களில் கதவு போடுவது எளிதன்று.

பெர்லின் சுரங்க ரயில் நிலையங்களிலும் கதவுகள் இல்லை. அங்கே பரிசோதகர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில் பெட்டிக்குள் ஏறி, வண்டி புறப்பட்ட பின் ஒவ்வொருவரிடமாகக் கேட்கிறார்கள். டிக்கெட் இல்லாதவர் 60 யூரோ கட்ட வேண்டும், இறங்குபவரின் வழியை யாரும் மறிப்பதில்லை. கால் வைக்க இடமில்லாத நம் மாலை நேர வண்டியில் இது நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நண்பகல் வண்டிகளில் தாராளமாகச் செய்யலாம். நெரிசல் நேரத்தில், நடைமேடைக்குள் நுழையும் இடத்தில் கேட்கலாம். ஏற வருபவர்கள் ஒருவர் இருவராக வருகிறார்கள், இறங்குபவர்களோ நூற்றுக்கணக்கில் ஒரே நிமிடத்தில் படிக்கு வந்துவிடுகிறார்கள்.

பேருந்தில் நிலைமை மேல். நடத்துநரே டிக்கெட் கொடுப்பதாலும், 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசமாகச் செல்லும் பெண்களுக்கும் சீட்டு தரப்படுவதாலும், பரிசோதகருக்கு வேலை குறைவு. இம்முறை நான் பார்த்தவர் ஒரு நிறுத்தத்தில் ஏறி, "டிக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று தன்மையாகக் கேட்டபடி பார்த்து முடித்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

ரயில் நிலையத்தில் வெளியே வருபவர்களைச் சோதித்தே ஆக வேண்டுமென்றால், படிக்கட்டை விட்டுப் பத்தடி தள்ளி, திறந்த வெளியில் நின்று கேட்கட்டும்; சந்தேகப்படுபவரை ஓரமாக அழைத்து விசாரிக்கட்டும்; படியை மட்டும் மறிக்க வேண்டாம்.