வீட்டுக்குள் வளரும் பூனையா, வெளியே உலாவும் பூனையா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில் அனுமதி வந்ததிலிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: உள்ளேயே வைத்திருப்பதா, புளோக் கீழே உலாவ விடுவதா?

ஆயுளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள் வளரும் பூனை 12 முதல் 15 ஆண்டு வாழ்வது சாதாரணம். 20ஐத் தொடுவதும் உண்டு. வெளியே திரியும் பூனைக்கு கார், சண்டை, கடித்த காயம் வழியே தொற்றி நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி கிருமி என எமன் பல உருவில் வருவான். கருத்தடை செய்யாத கடுவன் என்றால் சண்டையும் அலைச்சலும் இன்னும் அதிகம்.

ஆனால் உள்ளே இருப்பதாலேயே ஆபத்து நீங்கிவிடாது. பத்தாவது மாடி ஜன்னலில் வலை இல்லாவிட்டால் ஒரு புறாவைப் பார்த்துத் தாவினாலே போதும். முதலில் ஜன்னலுக்கும் வாசல் கேட்டுக்கும் வலை போடுங்கள். அடுத்தது எடை. "பாவம், இன்னும் கொஞ்சம்" என்று என் அம்மா போடும் ஒவ்வொரு பிடியும் நீரிழிவுக்கு வழி. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு சகஜம் என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனை அவசியம்.

வெளியே கிடைக்கும் ஓட்டமும் வேடிக்கையும் உள்ளே குறைவுதான். மாலையில் கால் மணி நேர விளையாட்டும் ஜன்னலோரம் ஓர் உயரமான பலகையும் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டும்.