கையில் சுட்ட நாணயத்தை நம்பி அம்மாவின் மாத்திரையை நிறுத்தினோம்

வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன தை மாதம் அம்மாவை ஒரு சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கோவையிலிருந்து இரண்டு மணி நேரம். தோட்டத்து வீடு, முன்னால் தகரப் பந்தல், காலை ஏழு மணிக்கே டோக்கன். பந்தலில் டீ கொடுத்த பெண்மணி அவ்வளவு பிரியமாகப் பேசினார். அம்மாவும் மனசு விட்டுப் பேசினார். பதினோரு வருடச் சர்க்கரை, கால் எரிச்சல், மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லாதது, எல்லாம். உள்ளே போனதும் சாமியார் நிமிர்ந்து பார்த்து, "கூடப் பொறந்தவன் வாசப்படி மிதிச்சு எத்தனை வருஷமாச்சு தாயி?" என்றார். அம்மா அழுதுவிட்டார். டீ கொடுத்தவரின் நினைவு எனக்கு அந்த நேரத்தில் வரவே இல்லை.

அப்புறம்தான் நாணயம். பழைய இருபது பைசா, ஆறு மூலையோடு இருக்குமே, அது. ஈரத் துணியால் அதைத் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் லேசாகச் சூடேறியது. பிறகு சுட ஆரம்பித்தது. கையைத் திறந்தால் நாணயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பொடி. ஊதிவிட்டேன். கண் முன்னாலேயே மறுபடி பூத்தது, பழைய சோற்றில் பூஞ்சை பிடிப்பது போல. நான் கணக்கு வேலை பார்க்கிறவன், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள். ஆனால் என் சொந்தக் கையில் நடந்ததை எப்படி இல்லை என்பேன்?

அந்தப் பொடியை எடுத்து அம்மாவின் நாக்கில் வைத்தார். இனி மாத்திரையைத் தொடக்கூடாது என்றார். 48 நாள் பூசைக்கு என்று 21,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள், ரசீது கிடையாது. வீட்டுக்கு வந்ததும் நான் மாத்திரை டப்பாவை எடுத்தேன். "சாமி சொல்லிருச்சு கண்ணு, அப்புறம் எதுக்கு அது?" என்றார் அம்மா. நானும் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சர்க்கரை 486. நான்கு நாள் ஐசியூவில் இருந்தார்.

நாணயக் கதையைக் கேட்டுவிட்டு என் அத்தை மகன், பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பவன், உடைந்த அலுமினியத் தட்டின் ஒரு துண்டை எடுத்தான். கையுறை போட்டு, ஜன்னலெல்லாம் திறந்துவைத்து, ஏதோ கரைசலால் துடைத்தான். அதே சூடு, அதே சாம்பல். அந்தக் கரைசலில் இருந்தது மெர்க்குரிக் குளோரைடு, சித்த மருத்துவத்தில் வீரம் என்று சொல்லும் பாதரச உப்பு. அலுமினியத்தின் மேல் காற்று பட்டாலும் கெடாதபடி மெல்லிய படலம் ஒன்று உண்டு. பாதரசம் அதைக் குலைத்துவிடும். பிறகு காற்றும் ஈரமும் பட்டு உலோகமே பொடியாகிக்கொண்டே வரும், கூடவே சூடும் கிளம்பும். அந்த இருபது பைசாவும் அலுமினியம்தான். என்னைக் கிட்டக்கூட வர விடாமல் இதையெல்லாம் சொன்னான். "இதையாடா அம்மா நாக்குல வெச்சாங்க?" என்றேன். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றே டாக்டரிடம் விவரம் சொல்லி, அம்மாவின் சிறுநீரகத்துக்கும் பரிசோதனை எடுத்தோம். நல்லவேளை, பாதிப்பில்லை.

நம் போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பசவ பிரேமானந்த் இப்படிப்பட்ட வித்தைகளை ஊர் ஊராகச் செய்துகாட்டி விளக்கியவர். கஞ்சியில் பிசைந்து காயவைத்த திருநீற்று உருண்டையை விரலிடுக்கில் நசுக்கினால் வெறுங்கையில் விபூதி கொட்டும். பெர்மாங்கனேட்டில் கிளிசரின் ஊற்றினால் தீக்குச்சி இல்லாமல் ஓமம் பற்றும். இலங்கையில் ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத இடத்தில் அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அதை யாரும் வாங்கவில்லை. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

அம்மா தினமும் வாசலில் கோலம் போட்டு விளக்கேற்றுகிறவர். அந்தப் பக்தியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை வைத்து அவருக்கு விஷத்தைக் கொடுத்தார்களே, அதுதான் தாங்கவில்லை.

சர்க்கரை பூரண குணம் என்று அவர்கள் அடித்த நோட்டீஸ் ஒன்று என்னிடம் இருந்தது. அப்படி விளம்பரம் செய்வதே, மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த நோட்டீஸை இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் வருகிற பௌர்ணமிக்கு எங்கள் தெருவிலிருந்தே வேன் பேசியிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் சர்க்கரைக்காரர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கிளம்பினால் தடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் கூடவே போங்கள், மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு. நாக்கில் எதையும் வைக்க விடாதீர்கள்.