கல்லடி வீட்டு இன்வேட்டரும் இரண்டு பற்றரியும்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்தச் சூட்டில் கடன்பட்டு வாங்கினதுதான் முதல் பற்றரி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் (Ah, எவ்வளவு கரண்ட் கொள்ளும் என்ற அளவு), தண்ணி ஊற்றத் தேவையில்லாத சீல்ட் வகை. பூட்ட வந்த தம்பி "இனித் திரும்பிப் பார்க்கவே தேவல்ல அண்ணன்" என்றான். நானும் பார்க்கவில்லை. பதினாறாவது மாதம் பக்கமெல்லாம் வீங்கி, ஒரு ஃபேனும் ரவுட்டரும் இருபது நிமிஷம் ஓடினாலே கத்தத் தொடங்கிவிட்டது.

பிறகுதான் இன்வேட்டருக்குப் பின்னால் இருந்த சின்னச் சுவிட்சைக் கண்டேன். டியூபுலர் (தண்ணி ஊற்றுகிற வகை), சீல்ட் என்று இரண்டு. அது முதல் நாளிலிருந்தே டியூபுலரில் கிடந்திருக்கிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 14.4க்குக் கீழே இறங்குவதாக இல்லை. சீல்ட் பற்றரி நிரம்பின பிறகு 13.5, மிஞ்சினால் 13.8 வோல்ட்டில்தான் நிற்க வேண்டும், அதுவும் 25 பாகை சூட்டுக்குச் சொன்ன கணக்கு. ஓட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் பின்னறை வைகாசியில் 35க்குப் போகும், அதற்கு இன்னும் 0.2 குறைக்க வேணும். கூடின வோல்ட்டில் உள்ளிருக்கும் தண்ணி வாயுவாகி வால்வால் போய்விடும், திரும்ப ஊற்ற வழியே இல்லை.

இப்போது ஓடுவது லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி, அதே 100 ஆம்பியர்-அவர். இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. பழைய இன்வேட்டர் இதற்குச் சரிவராததால் அதையும் மாற்ற வேண்டி வந்தது, அந்தச் செலவை யாரும் முதலில் சொல்லவில்லை.

என் முதல் பற்றரி மாதிரி ஈயப் பற்றரி சும்மா கிடக்கும்போது 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.1 என்றால் கிட்டத்தட்டப் பாதி. லித்தியம் அப்படியில்லை, 13.2 பக்கமே கிடந்துவிட்டுக் கடைசியில் தொபுக்கென்று விழும். அதனால் பற்றரிக்குப் போகிற வருகிற கரண்டை எண்ணுகிற ஷண்ட் மீட்டர் ஒன்று போட்டேன்; ஷண்ட் என்பது வயருக்கு இடையில் பூட்டி கரண்டை அளக்கிற உலோகத் துண்டு. நெகட்டிவ் வயர் எல்லாம் ஷண்ட் வழியாகத்தான் பற்றரிக்குப் போக வேணும். நான் சார்ஜர் வயரை மட்டும் நேரே பற்றரியில் பூட்டிவிட்டு, மீட்டர் ஏறாமல் இறங்கிக்கொண்டே போகுது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தேன்!

2025 பெப்ரவரி 9, நாடு முழுக்க இருண்ட ஞாயிறு, இரண்டு ஃபேனும் ரவுட்டரும் நாலு மணித்தியாலம் ஓடின பிறகு மீட்டர் 52 வீதம் காட்டியது. "மறுகா ரீவியையும் போடுங்களன்" என்றாள் மனிசி. போட்டோம்.

மாதத்தில் ஒருக்கா முழுக்க நிரம்பவிட வேணும், இல்லாவிட்டால் மீட்டரின் எண்ணிக்கை பிசகும். கடற்காற்றுக்கு டேர்மினல் பச்சை பிடிக்குது, அதற்கு வஸ்லின்தான்.