ரோல் ஹெம் ஃபுட்: ஷிஃபானில் சில வருடங்கள் தைத்தபின்

துப்பட்டா ஓரத்துக்குத் தையல் கடைகளில் பீக்கோ (விளிம்பை நூலால் நெருக்கமாகச் சுற்றும் தையல்) அடித்துத் தருவார்கள். சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் மெல்லிய ஷிஃபானில் அந்த நூல் தடித்துத் தெரியும். விளிம்பை இரண்டு மடிப்பாக உள்ளே மறைத்துத் தைத்த ஓரம்தான் எனக்குப் பிடிக்கும். அதற்காகவே 3 மி.மீ. அகல ஓரம் தைக்கும் ரோல் ஹெம் ஃபுட் வாங்கினேன். ஃபுட் என்பது தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம். அதன் முன்னால் இருக்கும் சுருளுக்குள் துணி நுழையும்போதே மடிந்துகொள்ளும். ஊசி அதன் மேல் தைத்துக்கொண்டே போகும்.

மல் காட்டன், வாயில், ஆர்கன்சா எல்லாவற்றிலும் நேர் ஓரத்துக்கு இது அருமை. துணியில் கொஞ்சம் விறைப்பு இருந்தால் சுருள் அதைச் சரியாகப் பிடித்துக்கொள்கிறது. ஷிஃபானும் ஜார்ஜெட்டும் வழுக்கும். அதனால் பாலியெஸ்டர் ஷிஃபான் என்றால் விளிம்புக்கு மட்டும் ஸ்டார்ச் ஸ்ப்ரே அடித்து, மிதமான சூட்டில் தேய்த்துக்கொள்கிறேன். வேறு எந்த உத்தியையும் விட இதில்தான் பலன் அதிகம். பட்டில் கறை படியலாம் என்பதால் ஸ்டார்ச் கிட்டவே போவதில்லை. அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்து, பிறகு மெதுவாகக் கிழித்து எடுக்கிறேன்.

ஊசி 9ஆம் நம்பர், கிடைக்காவிட்டால் 11. முனை கொஞ்சம் மழுங்கினாலும் இழை இழுபடும், அதனால் ஊசி மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். தையல் நீளம் 2 மி.மீ. ஃபுட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் துணி அலை அலையாக வராது.

தொடக்கம்தான் சிரமம். துணியின் மூலையை, அதை நகர்த்தும் மெஷின் பல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். கைஊசியால் மூலையில் ஒரு நூலைக் கோத்து, அதைப் பின்பக்கமாக லேசாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம் வலது கையால் விளிம்பைச் சற்றே தூக்கி, ஒரே அளவில் ஊட்ட வேண்டும். சுருளுக்குள் துணி கூடினால் ஓரம் உருண்டு புடைக்கும், குறைந்தால் பிசிறு வெளியே எட்டிப் பார்க்கும். இரண்டு துணி இணைந்த தையல் வந்தால் ஃபுட் அங்கேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் தையல் ஓரத்தை முன்கூட்டியே சரிவாக வெட்டி மெல்லிசாக்கி வைப்பது நல்லது.

அனார்கலி அடிப்பாகம் போன்ற வளைந்த ஓரத்துக்கு இந்த ஃபுட்டை நான் எடுப்பதே இல்லை. முதலில் உடையை ஓர் இரவு தொங்கவிட்டு, சாய்வாக வெட்டிய பகுதி தொங்கி இறங்கியபின் நீளத்தைச் சமன் செய்கிறேன். சாதாரண ஃபுட்டிலேயே விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒரு தையல். அந்தக் கோட்டில் மடித்து, மடிப்பை ஒட்டி இன்னொரு தையல். மிச்சத் துணியைச் சின்னக் கத்தரியால் தையலை ஒட்டி நறுக்கிவிட்டு, மறுபடி மடித்து மூன்றாவது தையல். வெளியே ஒரு வரிதான் தெரியும், உள்ளே இரண்டு வரி. நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் வளைவில் எனக்கு ஓரம் நேர்த்தியாக வருவது இப்படித் தைத்தால்தான்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் உங்கள் மெஷினில் ஃபுட்டை மாட்டும் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். எல்லா ஃபுட்டும் எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. 6 மி.மீ. அகலமுள்ளது பருத்திக்குச் சரி, ஷிஃபானுக்கு வேண்டாம். 3 மி.மீ. பழகியபின் 2 மி.மீ. வாங்கலாம்.